பின் ஸ்ப்ராக்கெட் தொல்லைகள்: கிட் மாற்றும் முன் கப்ளிங்கைப் பாருங்கள்

போன ஆடி மாதம் பால் ஊற்றும் தம்பி ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். நூறு சிசி வண்டி, இரண்டு பக்கமும் கேன். எட்டு மாதத்தில் இரண்டு செயின் கிட் (செயினும் முன், பின் ஸ்ப்ராக்கெட்டுகளும் சேர்ந்த செட்) போட்டாகிவிட்டது, மூன்றாவதற்கு வந்திருக்கிறார். "அண்ணே, இந்தத் தடவை ஒசத்தியான கிட்டா போட்டு விடுங்க, காசு போனா போகுது" என்றார். சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, பின் ஸ்ப்ராக்கெட்டின், அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தின், மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் இரண்டு கையால் பிடித்து உள்ளும் வெளியுமாக அசைத்தேன். ஆணி கழன்ற கதவுக் கீல் போல ஆடியது. ஸ்ப்ராக்கெட் மேல் குற்றமே இல்லை. அதைத் தாங்கும் கப்ளிங்கில் இருந்த பேரிங் செத்து மாதக்கணக்காகியிருந்தது. முன்பு போட்ட இரண்டு கிட்டையும் தின்றது அந்த ஆட்டம்தான்.

இப்படி வரும் வண்டிகள் ஏராளம். அதனால் என்ன அறிகுறி தெரிந்தால் எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது, எந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு மெக்கானிக்கிடமோ லேத்துக்கோ போவது என்று எழுதி வைக்கிறேன்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவோம். பெரும்பாலான வண்டிகளில் பின் ஸ்ப்ராக்கெட் சக்கரத்தோடு நேரடியாக இணைவதில்லை. இடையில் ஓர் அலுமினிய உருப்படி இருக்கும். அதன் வெளிமுகத்தில் ஸ்ப்ராக்கெட் போல்ட்டில் நிற்கும். உள்முகத்தில் விரல் போல நீட்டிக்கொண்டிருக்கும் கட்டைகள், சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில் உள்ள ரப்பர்களுக்கு இடையே புகுந்திருக்கும். நடுவில் ஒரு பேரிங். இதற்குக் கம்பெனிப் பட்டியல்களில் கேரியர், ஹோல்டர், ஃபிளாஞ்ச் என்று வண்டிக்கு ஒரு பெயர். நம் பக்கத்துக் கடையில் வெறுமனே கேரியர் என்று கேட்டால் மூட்டை கட்டும் கம்பியைத்தான் எடுத்து வைப்பார்கள். ஸ்ப்ராக்கெட் டிரம் அல்லது கப்ளிங் என்று கேளுங்கள். இங்கே கப்ளிங் என்றே எழுதுகிறேன். உள்ளே இருக்கும் ரப்பருக்கு டிரம் ரப்பர் என்று பெயர்.

கையில் வெர்னியர், இரும்பு ஸ்கேல், சாக்பீஸ், நீளமான நூல், இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் போதும். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றுகிற செயினைத் துணியால் துடைக்காதீர்கள். துணியை இழுத்த செயின் விரலையும் சேர்த்து இழுத்துப்போனதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். எல்லாச் சோதனையும் எஞ்சின் அணைந்த நிலையில், கையால் சக்கரத்தைச் சுற்றித்தான்.

## அறிகுறி: கிளட்ச் விடும்போது பின்னால் 'டொக்' என்று அடிக்கிறது

ஆக்ஸிலரேட்டரை மூடித் திறந்தாலும் அடிக்கும். வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும்போது நன்றாகக் கேட்கும்.

செயின் தளர்வா? செலவில்லாத சோதனை இதுதான். இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில், கீழ்ச் செயினை விரலால் மேலே தள்ளி, பிறகு கீழே இழுத்து, மொத்த அசைவை ஸ்கேலில் பாருங்கள். சரியான அளவு கையேட்டிலோ பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ இருக்கும். அன்றாடம் ஓட்டும் வண்டிகளுக்குப் பெரும்பாலும் 20 முதல் 30 மி.மீ. சக்கரத்தைச் சுற்றி நான்கைந்து இடத்தில் பார்த்து, செயின் அதிகம் இறுகும் இடத்தில் இந்த அளவை வையுங்கள். தொங்கும் இடத்தில் அளந்து இறுக்கினால் இன்னோர் இடத்தில் கம்பி போல விறைத்து, கியர்பாக்ஸ் பேரிங்கை வாங்கிவிடும்.

டிரம் ரப்பரா? எஞ்சினை அணைத்து முதல் கியரில் போடுங்கள். பின் சக்கரத்தை மெதுவாக முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டே ஸ்ப்ராக்கெட்டைக் கவனியுங்கள். செயின் விறைத்ததும் ஸ்ப்ராக்கெட் நின்றுவிடும். அதன் பிறகும் சக்கரம் தடையில்லாமல் கொஞ்சதூரம் போய் 'டப்' என்று முட்டினால் ரப்பர் தேய்ந்துவிட்டது. நல்ல ரப்பரிலும் சிறு அசைவு இருக்கும், ஆனால் ஸ்பிரிங்கை அழுத்துவது போல ஆரம்பத்திலிருந்தே எதிர்த்து நிற்கும்.

சந்தேகம் இருந்தால் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். ரப்பர் நன்றாக இருந்தால் கப்ளிங் எளிதில் வராது, ஆட்டி ஆட்டி இழுக்க வேண்டும். சக்கரத்தைப் படுக்க வைத்ததுமே தானாகக் கழன்று விழுந்தால் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. குழிக்குள் கரி போலத் தூள் கிடக்கும். ரப்பரின் ஒரு பக்கம் மட்டும் கட்டை அழுந்திப் பள்ளமாகி, ஓரம் பிய்ந்து நிற்கும். வண்டி முன்னோக்கி இழுக்கும் பக்கம்தான் எப்போதும் முதலில் போகும்.

முழு செட்டாக மாற்றுங்கள். ஒன்றிரண்டு மட்டும் மாற்றினால் புது ரப்பர் மொத்தப் பாரத்தையும் சுமந்து சீக்கிரம் நசுங்கும். நகத்தால் அழுத்தினால் சிறிது அமுங்கி மீள வேண்டும். பிளாஸ்டிக் போல் விறைத்திருப்பதைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பொருத்தும்போது இறுக்கமாக இருந்தால் சோப்புத் தண்ணீர் தொட்டுக்கொள்ளுங்கள். கிரீஸோ எஞ்சின் ஆயிலோ வேண்டாம், ரப்பர் ஊறி உப்பிவிடும்.

பழைய சைக்கிள் டியூபை வெட்டி இடைவெளியில் செருகும் வைத்தியம் நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ராத்திரி நேரத்தில் ஊர் போய்ச் சேர உதவும். அதை நம்பி மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள். கட்டைகளுக்கு ஒரே அளவு பிடிமானம் இல்லாமல் போய், ஒன்று மட்டும் அடி வாங்கும்.

கப்ளிங் கட்டையா, ஹப் சுவரா? புது ரப்பர் போட்டும் ஆட்டம் நிற்கவில்லை என்றால் அலுமினியம்தான் தேய்ந்திருக்கிறது. கட்டைகளின் ஓரம் உருண்டு போயிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அப்படியானால் கப்ளிங்கையே மாற்ற வேண்டியதுதான். ஹப்பின் உள்சுவரில் விரிசல் கண்டால் அங்கே நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஸ்போக் சக்கரமென்றால் ஹப்பை மட்டும் மாற்றிச் சக்கரத்தைப் பின்னிவிடலாம். அலாய் சக்கரத்தில் ஹப்பும் ரிம்மும் ஒரே வார்ப்பு, முழுச் சக்கரமும் போகும். இந்த அறிகுறியில் அதிகச் செலவு இழுப்பது இதுதான். ஒரு ரப்பர் செட்டைச் சரியான நேரத்தில் மாற்றியிருந்தால் இங்கே வந்திருக்காது.

## அறிகுறி: செயின் ஓரிடத்தில் இறுகுகிறது, இன்னோரிடத்தில் தொங்குகிறது

கோளாறு செயினிலா, ஸ்ப்ராக்கெட் பக்கமா என்பதைச் சாக்பீஸ் சொல்லிவிடும். செயின் அதிகம் இறுகும் நிலையில் சக்கரத்தை நிறுத்தி, பின் ஸ்ப்ராக்கெட்டின் உச்சியில் இருக்கும் பல்லிலும், அதன்மேல் உட்கார்ந்திருக்கும் செயின் கண்ணியிலும் கோடு போடுங்கள். பிறகு சக்கரத்தைப் பல சுற்று சுற்றுங்கள். சிறிய வண்டிகளில் செயின் ஒரு முழுச்சுற்று வருவதற்குள் பின் சக்கரம் சுமார் இரண்டரைச் சுற்று போய்விடும், அதனால் இரண்டு கோடும் பிரிந்துவிடும். ஸ்ப்ராக்கெட் கோடு மேலே வரும்போதெல்லாம் இறுகினால் ஸ்ப்ராக்கெட் அல்லது கப்ளிங். செயின் கோடு வரும்போது மட்டும் இறுகினால் செயின்.

செயின் பக்கம் என்றால் மடங்காமல் விறைத்து நிற்கும் கண்ணிகளைத் தேடுங்கள். மண்ணெண்ணெயில் கழுவி, 90 நம்பர் கியர் ஆயில் விட்டு, கையால் மடக்கி மடக்கிச் சரிசெய்யலாம். கண்ணிகளில் ரப்பர் வளையம் வைத்த ஓ-ரிங் செயினில் பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் படக்கூடாது. பிறகு நீட்சியை அளந்து பாருங்கள். செயினை விறைப்பாக இழுத்து வைத்து, ஒரு பின்னின் நடுவிலிருந்து 21ஆவது பின்னின் நடுவு வரை ஸ்கேல் வையுங்கள். 428 செயினில் (செயின் தகட்டில் குத்தியிருக்கும் எண் இது) புதிதாக இருக்கும்போது இது 254 மி.மீ. 259 தொட்டால் செயினின் ஆயுள் முடிந்தது. 520, 525 செயின்களில் புதியது 317.5 மி.மீ., 324 வந்தால் மாற்ற வேண்டும். மூன்று நான்கு இடத்தில் அளந்து, இடத்துக்கு இடம் வித்தியாசம் வந்தால், சில கண்ணிகள் மட்டும் நீண்டுவிட்டன. அதற்கு மருந்து கிடையாது.

ஸ்ப்ராக்கெட் பக்கம் என்றால் முதலில் நடுத்துளையைப் பாருங்கள். பலருக்கும் தெரியாத விஷயம் இது: பெரும்பாலான வண்டிகளில் ஸ்ப்ராக்கெட்டை மையத்தில் நிறுத்துவது போல்ட் கிடையாது. கப்ளிங்கின் முகத்தில் உயர்ந்து நிற்கும் வட்டப் படிதான் நிறுத்துகிறது. வெளிக்கடையில் வாங்கும் ஸ்ப்ராக்கெட்டில் பல் எண்ணிக்கை சரியாக இருக்கும், போல்ட் துளை சரியாக இருக்கும், நடுத்துளை மட்டும் அரை மில்லிமீட்டர் பெரிதாக இருக்கும். போல்ட்டை இறுக்கும்போது எந்தப் பக்கம் நகர்ந்ததோ அங்கேயே நின்றுவிடும். வண்டி ஓட ஓடச் செயின் இறுகித் தளர்ந்து, இறுகித் தளர்ந்து, மூன்று மாதத்தில் கிட்டே முடிந்துவிடும்.

சோதிப்பது எளிது. போல்ட் இல்லாமல் ஸ்ப்ராக்கெட்டை அந்தப் படியில் உட்கார வைத்து, கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளுங்கள். நகரவே கூடாது. 'லொடக்' என்று நகர்ந்தால் திருப்பிக் கொடுத்து வேறு வாங்குங்கள். சிறியதாக இருக்கும் துளையை லேத்தில் கடைந்து பெரிதாக்கலாம், அதுவும் பல்லின் அடிவட்டத்தை மையமாக வைத்துப் பிடிக்கத் தெரிந்தவரிடம் மட்டும். பெரிதாகிவிட்ட துளையை எந்த லேத்தாலும் சிறிதாக்க முடியாது.

கப்ளிங் பேரிங் அடுத்தது. மேலே சொன்ன கதவுக் கீல் சோதனை: மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள், பிறகு இடமும் வலமும். ஆட்டம் தெரிந்தால் சக்கரத்தைக் கழற்றி, விரலை உள்வளையத்தில் விட்டுச் சுற்றுங்கள். மணல் அரைப்பது போல் நரநரத்தால் பேரிங் போய்விட்டது. பேரிங்கின் பக்கத்திலேயே எண் பொறித்திருக்கும். 6203 என்றால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மி.மீ. 6204 என்றால் 20, 47, 14. 6205 என்றால் 25, 52, 15. எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் வண்டிக் கம்பெனிக் கடையைத் தேடாமல் எந்தப் பேரிங் கடையிலும் வாங்கலாம். எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்று இருப்பதை, அதாவது இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளதைக் கேளுங்கள். சேறும் மழையும் படுகிற இடம் அது. தகர மூடி போதாது.

புதிய பேரிங்கை அடிக்கும்போது வெளிவளையத்தில் மட்டுமே அடி விழ வேண்டும். பழைய பேரிங்கின் வெளிவளையத்தை மேலே வைத்து அடிக்கலாம். உள்வளையத்தில் ஓர் அடி விழுந்தாலும் பேரிங் முதல் நாளே சாகத் தொடங்கிவிடும். கழற்ற வரவில்லை என்றால் அடித்து உடைக்காமல் லேத்துக்கு எடுத்துப் போங்கள், பிரஸ்ஸில் ஐந்து நிமிட வேலை.

பேரிங் கையால் தள்ளினாலே கப்ளிங்குக்குள் போகிறதா? பழைய பேரிங் சுற்றிச் சுற்றி இருக்கையைத் தின்றுவிட்டது என்று அர்த்தம். சுற்றிலும் பஞ்ச் வைத்துப் புள்ளி புள்ளியாகக் குத்தி இறுக்குவார்கள், பசை வைப்பார்கள். பாரம் ஏற்றும் வண்டியில் அது நிற்காது. கப்ளிங்கை மாற்றுங்கள்.

## அறிகுறி: பல்லின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து மினுங்குகிறது

செயினின் உட்தகட்டிலும் ஒரு பக்கம் மட்டும் வெள்ளிபோல் மினுக்கம் இருக்கும். வண்டி ஓடும்போது 'சர்சர்' என்று உரசல் கேட்கும்.

பெரும்பாலும் சக்கரம்தான் கோணலாக இருக்கும். சக்கரத்தை முன்பின் நகர்த்தும் அட்ஜஸ்டரில் இருக்கும் கோடுகளை முழுதாக நம்பாதீர்கள், ஒரு தடவை விழுந்த வண்டியில் அவை பொய் சொல்லும். பின் டயரின் பின்புறத்திலிருந்து இரண்டு பக்கமும் நூலை இழுத்து முன் டயர் வரை கொண்டுபோய்ப் பாருங்கள். முன் டயருக்கு இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி வர வேண்டும்.

சக்கரம் நேராக இருந்தும் உரசினால், ஸ்ப்ராக்கெட் மாற்றிய பிறகுதானா இது தொடங்கியது என்று யோசியுங்கள். சில ஸ்ப்ராக்கெட்டுகள் தட்டையாக இராமல் தட்டு போல் லேசாகக் குழிந்திருக்கும். திருப்பிப் போட்டாலும் போல்ட் துளைகள் பொருந்திவிடும், செயின் கோடு மட்டும் சில மில்லிமீட்டர் தள்ளிப்போகும். கழற்றும்போதே எந்த முகம் வெளியே இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பல் எண் குத்திய முகம் வெளியே வருவதுதான் வழக்கம். வெளிக்கடை ஸ்ப்ராக்கெட்டில் இந்தக் குழிவின் ஆழம் பழையதோடு ஒத்துப்போகிறதா என்பதையும் பாருங்கள். இரண்டையும் கண்ணாடி மேல் வைத்து, பல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று வெர்னியரில் அளந்தால் தெரிந்துவிடும்.

ஸ்ப்ராக்கெட் பாம்பு போல் நெளிந்து சுற்றுகிறதா? ஸ்விங் ஆர்மில் ஒரு கம்பியைக் கட்டி, அதன் முனை பல்லின் பக்கவாட்டை உரசாமல் நெருங்கி நிற்கும்படி வளைத்து, சக்கரத்தைச் சுற்றுங்கள். இடைவெளி மாறுவது அரை மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. போனால் கழற்றி, கப்ளிங் முகத்தில் துருவோ பழைய பெயிண்ட்டோ மண்ணோ ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு மணல் துகள் போதும், விளிம்பில் பெரிதாகக் காட்டும். சுத்தம் செய்தும் நெளிந்தால் ஸ்ப்ராக்கெட் வளைந்தது. சுத்தியலால் அடித்து நிமிர்த்த வேண்டாம்.

## அறிகுறி: ஆக்ஸில் (சக்கர அச்சு) நட்டை முறுக்கினால் சக்கரம் சுற்ற மறுக்கிறது

இது பெரும்பாலும் பஞ்சர் போட்ட மறுநாள் வரும் புகார். "நேத்துதான் பஞ்சர் ஒட்டுனேன், இன்னிக்கு வண்டி இழுக்கவே மாட்டேங்குது" என்பார்கள்.

கப்ளிங் பேரிங்குக்கும் சக்கரப் பேரிங்குக்கும் இடையில் விரல் நீளம்கூட இல்லாத ஒரு குழல் இருக்கும். காலர், புஷ், ஸ்பேசர் என்று ஆளுக்கு ஒரு பெயர். கப்ளிங்கைப் பிரிக்கும்போது அது நழுவி மண்ணில் விழும். கிரீஸும் தூசியும் அப்பிக் கல்லோடு கல்லாகக் கிடக்கும். அது இல்லாமல் மாட்டி நட்டை முறுக்கினால், உள்வளையங்களுக்கு இடையே தாங்க ஒன்றும் இல்லாமல் பேரிங் பக்கவாட்டில் நசுங்கும். சக்கரம் இறுகும். ஆள் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி விடுவார், சக்கரம் சுற்றும், வண்டியும் கிளம்பும். அப்படி ஆக்ஸில் தளர்வாக ஓட்டுவதைப் போல ஆபத்து வேறில்லை.

ஆகவே வரிசை இது: காலர் எல்லாம் இருக்கிறதா, சரியான பக்கம் இருக்கிறதா? காலரின் முனை நசுங்கிக் குட்டையாகியிருக்கிறதா? பேரிங் முழுதாக அடிவரை இறங்கியிருக்கிறதா? மாற்றுக் கப்ளிங் போட்டிருந்தால், அதன் பேரிங் இருக்கையின் ஆழம் பழையதைப் போலவே இருக்கிறதா? வெளிக்கடைக் கப்ளிங்கில் ஒரு மில்லிமீட்டர் ஆழம் குறைந்தாலும் இதே இறுக்கம் வரும். காலரைத் தேய்த்துச் சரிக்கட்ட வேண்டாம், கப்ளிங்கைத் திருப்பிக் கொடுங்கள்.

சில வண்டிகளில் சக்கரத்தைக் கழற்றினாலும் கப்ளிங் தனி ஸ்லீவ் நட்டில் ஸ்விங் ஆர்மிலேயே நிற்கும். அவற்றில் ஆக்ஸில் நட்டை மட்டும் இறுக்கிவிட்டு ஸ்லீவ் நட்டை மறப்பது வாடிக்கை. ஸ்ப்ராக்கெட் சாய்ந்து ஓடும். இரண்டையும் பாருங்கள். பேரிங் நசுங்கி நூறு கிலோமீட்டர் ஓடியிருந்தால், சக்கரப் பேரிங்குகளையும் சேர்த்து மெக்கானிக்கிடம் காட்டுவது நல்லது.

## அறிகுறி: புதுச் செயின் பல்லின் மேல் ஏறித் தாவுகிறது

தளர்வைப் பாருங்கள். அடுத்து முன் ஸ்ப்ராக்கெட்டின் மூடியைக் கழற்றுங்கள். காசு மிச்சம் பிடிக்கச் செயினையும் பின் ஸ்ப்ராக்கெட்டையும் மட்டும் மாற்றி, முன்னால் இருக்கும் பழையதை விட்டிருப்பார்கள். மூன்றையும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும். பல் ஒரு பக்கம் சாய்ந்து கொக்கி போல் வளைந்திருந்தாலோ, பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்புறத்தில் செயினைப் பிடித்து இழுத்தால் பாதிப் பல்லுக்கு மேல் வெளியே தெரிந்தாலோ தேய்ந்துவிட்டது.

எண்ணும் முக்கியம். 420, 428 இரண்டுக்கும் பின்னுக்குப் பின் தூரம் ஒன்றுதான், 12.7 மி.மீ. உள்அகலம் வேறு: 420இல் 6.35, 428இல் 7.94. அதேபோல் 520, 525 இரண்டும் 15.875 மி.மீ. தூரம், உள்அகலம் 6.35, 7.94. அகலமான ஸ்ப்ராக்கெட்டில் ஒல்லிச் செயின் உட்காராமல் மேலேயே நிற்கும். ஒல்லி ஸ்ப்ராக்கெட்டில் அகலச் செயின் உட்கார்ந்துவிடும், ஆனால் பக்கவாட்டில் ஆடியே தேயும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தெரியும் என்பதால் செயின் தகட்டில் குத்தியிருக்கும் எண்ணைப் படியுங்கள்.

கிட் வாங்கும்போது கோவை எல்.ஜி.பி.யின் ரோலானோ, சென்னை டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸின் டைமண்டோ, வண்டிக் கம்பெனியின் பெட்டியோ, எதுவானாலும் பில் போட்டுத் தரும் கடையில் வாங்குங்கள். பெயர் பெற்ற பெட்டிகளுக்குப் போலியும் உண்டு. இணைப்புக் கண்ணியின் கிளிப்பில் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும்.

டிரம் பிரேக் வைத்த பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அதில் 38 பல் ஸ்ப்ராக்கெட்டும் பின் பிரேக் டிரம்மும் ஒரே உருப்படி. பல் போனால் டிரம்மோடுதான் மாற்ற வேண்டும். பல்லைக் கடைந்து எடுத்துவிட்டு வளையம் வைத்து வெல்டு அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வெல்டு சூட்டில் டிரம் கோணும், பிரேக் துடிக்கும். புது டிரம் வாங்கும்போது பல்லை மட்டும் பார்க்காமல், ஷூ உரசும் உள்வட்டத்தையும் வெர்னியரில் குறுக்காக இரண்டு திசையில் அளந்து பாருங்கள்.

## அறிகுறி: ஸ்ப்ராக்கெட் நட்டு தளர்ந்துகொண்டே இருக்கிறது, ஸ்டட் (கப்ளிங்கில் ஊன்றிய தலையில்லாப் போல்ட்) முறிகிறது

பழைய லாக் தகட்டையே மறுபடி மடக்கிப் போட்டார்களா, நைலான் பிடிப்பு தேய்ந்த பழைய நட்டையே போட்டார்களா என்று முதலில் பாருங்கள். இரண்டும் புதிதாக வேண்டும். நட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக, இரண்டு மூன்று தவணையில், கையேட்டில் உள்ள டார்க் அளவுக்கு இறுக்குங்கள். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை பாருங்கள்.

அதற்கும் தளர்ந்தால் மேலே சொன்ன இரண்டில் ஒன்று: ரப்பர் இல்லாமல் அடி நேராக ஸ்டட்டில் விழுகிறது, அல்லது பெரிய நடுத்துளையால் பாரம் முழுவதும் போல்ட்டின் மேல் வருகிறது. அதைச் சரிசெய்யாமல் புது ஸ்டட் போட்டால் அதுவும் முறியும். தலையில் 8.8 அல்லது 10.9 என்று குத்திய போல்ட்டைத் தவிர வேறு போடாதீர்கள். ஆணிக் கடைப் போல்ட் இந்த இடத்துக்கு ஆகாது.

ஸ்டட் உள்ளே முறிந்திருந்தால் நீங்களாகத் துளை போடாமல் லேத்துக்குப் போங்கள். மரை மட்டும் போயிருந்தால் உள்மரைச் சுருள் வைத்துத் தருவார்கள். துளையே நீள்வட்டமாகியிருந்தால் கப்ளிங் முடிந்தது.

புதுக் கப்ளிங் கிடைக்காத பழைய வண்டியென்றால் சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகம் விற்கும் இடங்களில் பழையதைத் தேடுவதில் தவறில்லை. ஆனால் ஸ்டட்டைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். சுத்தமாகத் துடைத்து, மண்ணெண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் தடவி, சிறிது நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய மண்ணெண்ணெய் வெளியே கசிந்து, வெள்ளைப் பொடியில் தலைமுடி போல ஈரக்கோடு இழுக்கும். கோடு தெரிந்ததைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

## அறிகுறி: வாங்கி வந்த ஸ்ப்ராக்கெட் உட்காரவே மாட்டேன் என்கிறது

வண்டிப் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் இது நடக்கும். ஒரே பெயரில் வருடத்துக்கு ஒரு மாதிரி கப்ளிங் வந்த வண்டிகள் உண்டு. பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். முடியாவிட்டால் பல் எண்ணிக்கை, செயின் எண், நடுத்துளை விட்டம், போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் விட்டமும், போல்ட் வட்டத்தின் விட்டம், குழிவு ஆழம் ஆகியவற்றை எழுதிக்கொண்டு போங்கள்.

போல்ட் வட்டத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். நான்கு, ஆறு துளை என்றால் எதிரெதிர் துளைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் அதுவே விட்டம். ஐந்து துளையில் எதிரே துளை இருக்காது. பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் மையத் தூரத்தை அளந்து 1.701ஆல் பெருக்குங்கள். மூன்று துளை என்றால் 1.155ஆல். மையத்தை வெர்னியரில் பிடிப்பது கடினம். ஒரே அளவுத் துளைகள் என்பதால் ஒன்றின் இட ஓரத்திலிருந்து மற்றதன் இட ஓரம் வரை அளந்தாலும் அதே தூரம்தான்.

துளை ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் அரத்தால் தேய்த்து மாட்டிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம்.

உலோகத்தைப் பொறுத்தவரை என் எண்ணம் திடமானது: தினம் ஓடும் வண்டிக்குப் பல் கடினப்படுத்திய எஃகுதான். 7075 ரக அலுமினியம் எடை குறைவு, பார்க்க அழகு. பந்தயத்துக்கு அது சரி. மழையிலும் செம்மண்ணிலும் மூட்டையோடு ஓடும் வண்டியில் எஃகை விட மிக விரைவாகத் தேய்ந்துவிடும்.

## அறிகுறி: ஸ்ப்ராக்கெட் மாற்றியபின் எஞ்சின் அலறுகிறது, அல்லது இழுவை போய்விட்டது

பல் எண்ணிக்கை மாறியிருக்கும், எண்ணிப் பாருங்கள். முன்னால் 14, பின்னால் 42 என்றால் விகிதம் 3.00. பின்னால் 45 போட்டால் 3.21. முன்னால் 13 போட்டால் 3.23. ஆக முன்னால் ஒரு பல் குறைப்பது பின்னால் மூன்று பல் கூட்டுவதற்குச் சமம். மலைப்பாதையில் பாரத்தோடு ஏற இது உதவும். ஆனால் அதே வேகத்துக்கு எஞ்சின் ஏழு சதவீதம் கூடுதலாகச் சுற்றும். நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு இது வேண்டாத அலறல். ஸ்பீடோமீட்டர் முன் சக்கரத்திலிருந்து ஓடினால் காட்டுவது மாறாது, கியர்பாக்ஸிலிருந்து எடுக்கும் வண்டியில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும்.

இழுவைக்காக மாற்ற நினைத்தால் பின்னால் கூட்டுங்கள். முன்னால் குறைத்தால் செயின் சிறு வட்டத்தில் கூர்மையாக மடங்கும், ஸ்விங் ஆர்மின் உரசு பட்டையையும் அரிக்கும். பின்னால் ஒரு பல் கூட்டினால், அதே செயினுக்குச் சக்கரம் 428இல் சுமார் 3 மி.மீ., 520இல் சுமார் 4 மி.மீ. முன்னே வரும். அட்ஜஸ்டரில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். நான்கு பல் கூட்டினால் செயினில் இரண்டு கண்ணி கூடுதலாக வேண்டும். செயின் கவரில் உரசுகிறதா என்று ஒருவரைப் பின்சீட்டில் உட்கார வைத்து வண்டியை மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். சக்கரம் நகர்ந்ததால் டிரம் பிரேக் வண்டிகளில் பிரேக் ராடின் நீளமும் மாறியிருக்கும். பெடலை மிதித்துப் பார்த்து, ராட் நட்டைச் சரிசெய்த பிறகே தெருவில் இறக்குங்கள்.